கட்டுமான வேலைகள் நிற்கும் காலத்தில் தொழிற்சங்கத்தால் என்ன செய்ய முடியும்? கோலாலம்பூர், பினாங்கு தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டுமானத் தளங்களில் கம்பி கட்டுபவர்கள், பலகை அடிப்பவர்கள், கொத்து வேலை, சாரம், மின்கம்பி, குழாய் வேலை செய்பவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் ஆகியோர் பொருளாதாரம் தளரும் காலங்களில் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. குறிப்பிடப்படும் வேலைச் சட்ட விவரங்கள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

பொருளாதாரம் சரிந்தால் கட்டுமான வேலை ஏன் மற்றவற்றுக்கு முன்பாகவே நிற்கிறது?

அரிசி வாங்குவதை யாரும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியாது. வீடு வாங்குவதைத் தள்ளிவைக்கலாம். கட்டடங்கள் பெரும்பாலும் கடன் பணத்தில் எழுபவை என்பதால், வீடு விற்பனை குறைந்த மறு மாதமே மேம்பாட்டாளருடைய கையில் பணம் சுருங்கிவிடுகிறது. அவர் முதன்மைக் குத்தகையாளருக்குத் தரவேண்டியதைத் தாமதப்படுத்துகிறார். முதன்மைக் குத்தகையாளர் துணைக் குத்தகையாளரைக் காத்திருக்கச் சொல்கிறார். துணைக் குத்தகையாளர் ஆள் சேர்த்துத் தரும் கெப்பாலாவிடம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கெப்பாலா தொழிலாளியிடம் கையை விரிக்கிறார். திட்டம் நின்றுவிட்டது என்ற செய்தி நாளிதழில் வருவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே கம்பி கட்டுபவருடைய சம்பளம் நின்றிருக்கும்.

இதிலிருந்துதான் எங்கள் நிலைப்பாடு பிறக்கிறது. கட்டுமான வேலைகளை மீட்பது என்பது புதிய திட்டங்களை அறிவிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. அந்தத் திட்டத்தின் பணம் கடைசித் தொழிலாளியின் கைக்கு உரிய நாளில் வந்து சேரும் வழியையும் திறந்துவிட வேண்டும். சம்பளம் வராத வேலையை மீட்கப்பட்ட வேலையாக எந்தச் சங்கமும் கணக்கில் சேர்க்கக்கூடாது.

மலேசியாவில் இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா?

பலமுறை நடந்திருக்கிறது. 1985-இல் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கியது. 1998-இல் ஆசிய நிதி நெருக்கடியின்போது மொத்தப் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கிய நிலையில், கட்டுமானத் துறை மட்டும் ஏறத்தாழ கால் பங்கு சுருங்கியது. புடு ராயா பேருந்து நிலையத்துக்கு அருகில் பாதியில் கைவிடப்பட்ட பிளாசா ராக்யாட் கட்டடத்தின் காங்கிரீட் தூண்கள் அந்த ஆண்டின் நினைவாகப் பல ஆண்டுகள் நின்றதைக் கோலாலம்பூர்வாசிகள் அறிவார்கள். கோலாலம்பூர் மோனோரயில் வேலையும் அந்த நெருக்கடியில் தடைப்பட்டு, 2003-இல்தான் ஓடத் தொடங்கியது. 2020-இல் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது கட்டுமானத் தளங்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டில் கட்டுமானத் துறை 19 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது, அடுத்த ஆண்டிலும் அது மீளவில்லை.

மூன்று சரிவுகளுக்கும் காரணங்கள் வேறு. ஆனால், நாட்டின் சராசரியைவிடக் கட்டுமானம் பல மடங்கு ஆழமாக விழும் வழக்கம் 1998-இலும் 2020-இலும் தெளிவாகத் தெரிந்தது.

வேலை கொடுப்பவர்கள் அரசும் முதலாளிகளும்தானே? தொழிற்சங்கம் வேலையை எப்படி உயிர்ப்பிக்க முடியும்?

இந்தக் கேள்வி எரிச்சலோடு கேட்கப்படும்போதும் நியாயமான கேள்விதான். சங்கத்திடம் நிலமும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. ஆனால் சரிவுக் காலத்தில் அரசு எந்த வேலைக்குப் பணம் ஒதுக்குகிறது, எவ்வளவு விரைவாக ஒதுக்குகிறது, அந்த ஒப்பந்தத்தில் தொழிலாளருக்கு என்ன நிபந்தனை எழுதப்படுகிறது ஆகிய மூன்றிலும் சங்கத்தின் குரலுக்கு இடம் உண்டு.

முதலாவதாக, எந்த வேலை என்பதைப் பார்ப்போம். நெருக்கடி வந்ததும் பெரிய நெடுஞ்சாலைகளையும் இரயில் பாதைகளையும் அறிவிப்பது அரசுகளின் வழக்கம். அவை தேவையானவையாக இருக்கலாம். ஆனால் நில எடுப்பு, வடிவமைப்பு, குத்தகை அழைப்பு எல்லாம் முடிந்து முதல் தூண் ஊன்றப்படும்போது நெருக்கடியே கடந்துபோயிருக்கும். மாறாக, பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள ரைஃபிள் ரேஞ்ச் போன்ற பழைய அடுக்குமாடிகளில் கசியும் குழாய்களை மாற்றுவது, கோலாலம்பூரில் அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டமான பிபிஆர் வீடுகளில் கூரை, படிக்கட்டு, வடிகால் ஆகியவற்றைச் சீர்செய்வது, தமிழ்ப்பள்ளி உள்ளிட்ட பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது போன்ற வேலைகளைச் சில வாரங்களில் தொடங்கிவிடலாம். அவற்றில் செலவாகும் பணத்தில் பெரும் பங்கு இயந்திர வாடகைக்குப் போகாமல் ஆட்கூலிக்குப் போகிறது. சங்கங்கள் இப்படிப்பட்ட சிறு வேலைகளைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டாவதாக, வேலை இல்லாத இடைக்காலத்தில் தொழிலாளி தொழிலைவிட்டே போய்விடாமல் தாங்கிப்பிடிப்பது. நல்ல பலகைத் தச்சர் ஒருவர் ஆறு மாதம் வருமானமின்றி இருந்தால் உணவு விநியோகத்துக்கோ பாதுகாவலர் வேலைக்கோ போய்விடுவார். பொருளாதாரம் மீளும்போது அவர் திரும்பி வருவது அரிது. 1998 நெருக்கடியில் வேலையிழந்தவர்களுக்கு எந்தக் காப்புறுதியும் இருக்கவில்லை. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், அதாவது எம்டியுசி, ஆட்குறைப்பு நிதி ஒன்று வேண்டும் என்று அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தது. முதலாளிகள் தரப்பு ஆண்டுக்கணக்கில் எதிர்த்தது. கடைசியில் 2017-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2018 ஜனவரி 1 முதல் வேலைக் காப்புறுதித் திட்டம் நடப்புக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெருந்தொற்று வந்தபோது அந்தத் திட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. சங்கம் என்ன சாதித்தது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இதைத்தான்.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் எழுதப்படும் நிபந்தனைகள். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

அமெரிக்கச் சங்கங்கள் தங்கள் ஓய்வூதியப் பணத்தைக் கொண்டே கட்டடம் கட்ட வைக்கின்றன என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் 20 இலட்சத்துக்கும் அதிகமான கட்டுமான வேலைகள் மறைந்தன; 2010 பிப்ரவரியில் அந்நாட்டின் கட்டுமானத் தொழிலாளர்களில் வேலையற்றோர் விகிதம் 27.1 விழுக்காட்டைத் தொட்டது. அந்நாட்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ பெயரில் வீடமைப்பு முதலீட்டு அறக்கட்டளை ஒன்று உண்டு. சங்க உறுப்பினர்களின் ஓய்வூதிய நிதிகள் அதில் பணம் போடுகின்றன. அது வீடமைப்புத் திட்டங்களுக்கு நிதி தருகிறது. நேரடியாக நிதி பெறும் கட்டுமானத்தில் சங்கத் தொழிலாளர்களே வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. நெருக்கடிக் காலத்தில் வங்கிகள் கைவிட்ட திட்டங்களைத் தேடி நிதி தரும் முயற்சியை அது மேற்கொண்டது.

இன்னொரு வழி, திட்டத் தொழிலாளர் உடன்பாடு. ஒரு திட்டம் தொடங்குமுன்பே எல்லாத் தொழில்களின் சங்கங்களும் கட்டுவோரும் சேர்ந்து சம்பளம், வேலை நேரம், தகராறு தீர்க்கும் முறை ஆகியவற்றை எழுதிக்கொள்கிறார்கள். சங்கங்கள் திட்டம் முடியும்வரை வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று வாக்களிக்கின்றன. 1930களின் பெரிய அணைக்கட்டுகளிலிருந்தே அங்கே இந்த வழக்கம் உண்டு. 2009 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா 2 கோடியே 50 இலட்சம் டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட கூட்டரசுத் திட்டங்களில் இத்தகைய உடன்பாட்டை ஊக்குவிக்கும் ஆணையைப் பிறப்பித்தார்.

சங்கங்கள் சம்பளத்தையும் சலுகைகளையும் விட்டுக்கொடுத்தால் நின்ற வேலை திரும்புமா?

சில இடங்களில் திரும்பியிருக்கிறது. நியூயார்க்கில் 76 மாடிகளுக்குத் திட்டமிடப்பட்ட பீக்மன் கோபுரம் 2009-இல் ஏறத்தாழ பாதி உயரத்தில் நின்றது. அந்த உயரத்தோடு முடித்துவிடலாமா என்றுகூட மேம்பாட்டாளர் யோசித்தார். கட்டுமானச் சங்கங்கள் செலவைக் குறைக்கும் உடன்பாட்டுக்கு வந்தபின் வேலை தொடர்ந்தது. கோபுரம் முழு உயரத்துக்கு எழுந்தது.

ஆனால் இந்த உதாரணத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பேசுபவர்களை நாங்கள் எச்சரிக்கிறோம். விட்டுக்கொடுக்க அந்தத் தொழிலாளர்களிடம் ஏதோ இருந்தது: கூட்டு ஒப்பந்தச் சம்பளம், மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம், கூடுதல் நேரப் படிகள். எழுத்து மூலமான ஒப்பந்தமே இல்லாமல் நாள் கூலிக்கு வேலை செய்யும் மலேசியத் தொழிலாளியிடம் எதைக் குறைப்பது? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதற்குக் கீழே போவது குற்றம். இங்கே சம்பளக் குறைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எழுதப்பட்ட சம்பளம் என்ற ஒன்றை முதலில் உருவாக்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய ஊழியர் சேமநிதிப் பணத்தையும் அப்படிப் பயன்படுத்தச் சொல்லலாமா?

கவனமாகச் சொல்ல வேண்டிய பதில் இது. ஊழியர் சேமநிதி வாரியம் ஒரு சங்கத்தின் சொத்து அல்ல. அது சட்டப்படி அமைந்த, அனைத்து உறுப்பினர்களின் முதுமைக்கான சேமிப்பு. வேலை உருவாக்குவதற்காக ஆதாயமற்ற திட்டங்களில் அந்தப் பணத்தைப் போடச் சொல்வது தவறு. நாங்கள் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த வாரியம் ஏற்கெனவே கட்டுமானத்தில் முதலீடு செய்துகொண்டுதான் இருக்கிறது. சுங்கை பூலோவில் குவாசா டமன்சாரா நகரியத்தை உருவாக்குவது அதன் துணை நிறுவனம். இலண்டனில் பேட்டர்சீ மின்நிலைய மறுமேம்பாட்டிலும் அதற்குப் பங்கு உண்டு. வாரியத்தில் முதலாளிகள், அரசு ஆகியோருடன் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே நியாயமாகக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: தொழிலாளர் சேமிப்பில் எழும் எந்தக் கட்டடத்திலும், கடைசித் துணைக் குத்தகையாளர் வரை அனைவரும் சேமநிதியும், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சந்தாவும் கட்டியிருக்க வேண்டும், சம்பளம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். சேமநிதிப் பணத்தில் கட்டப்படும் கட்டடத்தில் சேமநிதி கட்டப்படாத ஒரு தொழிலாளி வேலை செய்வதை எந்தப் பிரதிநிதியும் ஏற்கக்கூடாது.

துணைக் குத்தகையாளர் தலைமறைவாகிவிட்டார். என் சம்பளத்தை யாரிடம் கேட்பது?

எங்களிடம் வரும் கேள்விகளில் மிக அதிகமாக வருவது இதுதான். சட்டம் தெரியாததால் பலர் இழப்பதும் இதில்தான். எனவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, உங்களுக்குச் சம்பளம் தரவேண்டிய துணைக் குத்தகையாளர் தராவிட்டால், அவருக்கு மேலே உள்ள குத்தகையாளரும் வேலையை ஒப்படைத்த முதன்மையாளரும் அவரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. கட்டுமானத்தைப் பொறுத்தவரை, அந்த முதன்மையாளர் தாமே கட்டுமானக் குத்தகையாளராகவோ வீடமைப்பு மேம்பாட்டாளராகவோ இருக்க வேண்டும். தம் சொந்த வீட்டைக் கட்டச் சொன்ன தனிநபரை இந்தப் பிரிவின்கீழ் பிடிக்க முடியாது. மேலே உள்ளவர்களிடம் கேட்கக்கூடியது தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளம்வரை மட்டுமே. அதோடு, சம்பளம் தரவேண்டிய நாளிலிருந்து 90 நாள்களுக்குள் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்திருக்க வேண்டும் அல்லது வழக்குத் தொடுத்திருக்க வேண்டும்.

அந்த 90 நாள்தான் ஆளை வீழ்த்துகிறது. ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்பது சட்டம். மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் 7-க்குள் வராவிட்டால், ஜூலை முதல் வாரத்துக்குள் நீங்கள் இலாகாவுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? தீபாவளிக்குள் தந்துவிடுவார், இந்தக் காங்கிரீட் ஊற்றி முடித்ததும் தந்துவிடுவார் என்று கெப்பாலா சொல்லும் வாக்கை நம்பி நான்கைந்து மாதங்கள் போய்விடுகின்றன. ஒருவரை நம்புவதும் புகாரைப் பதிவு செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. புகார் கொடுத்த பிறகும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தொழிலாளர் இலாகாவின் விசாரணைக்கு வழக்கறிஞர் தேவையில்லை.

சம்பளச் சீட்டே தராத இடத்தில் எதைக் காட்டி நிரூபிப்பது?

பட்டர்வொர்த்தில் கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றை வைத்திருந்தார். ஒவ்வொரு வரியிலும் தேதி, தளத்தின் பெயர், எத்தனையாவது மாடி, காலை எத்தனை மணிக்கு ஏறி மாலை எத்தனை மணிக்கு இறங்கினார், அன்று எந்த லோரியில் கம்பி வந்தது என்பது பென்சிலில் எழுதப்பட்டிருந்தது; சனிக்கிழமைதோறும் கெப்பாலாவின் சுருக்கக் கையெழுத்தும் இருந்தது. முன்பணமாக வாங்கிய 50 வெள்ளியும் 100 வெள்ளியும்கூடச் சிவப்புப் பேனாவில் கழிக்கப்பட்டிருந்தன. இப்படித் தனக்கு எதிரானதையும் சேர்த்து நாள்தோறும் எழுதிய குறிப்புக்கு விசாரணையில் தனி மதிப்பு உண்டு, ஏனெனில் பின்னால் உட்கார்ந்து புனைந்ததாக அதைச் சொல்வது கடினம்.

அதனுடன் வாட்ஸ்அப் செய்திகள், தளத்தின் நுழைவாயில் பதிவு, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் பச்சை அட்டை, மேம்பாட்டாளர் பெயரும் முதன்மைக் குத்தகையாளர் பெயரும் எழுதிய அறிவிப்புப் பலகையின் புகைப்படம் ஆகியவற்றையும் வைத்திருங்கள். வேலை தொடங்கும் முதல் நாளே அந்தப் பலகையைப் படம் எடுத்துவிடுங்கள். திட்டம் நின்ற பிறகு முதலில் காணாமல் போவது அதுதான். யார்மீது புகார் செய்வது என்ற கேள்விக்கு விடையும் அதில்தான் இருக்கிறது.

குத்தகையாளர்களுக்கே பணம் வராவிட்டால் என்ன செய்வது? அதற்கும் சங்கத்துக்கும் என்ன தொடர்பு?

கட்டுமானத் தொழில் கட்டணம் மற்றும் தீர்ப்புச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. எழுத்து மூலம் கட்டுமான ஒப்பந்தம் வைத்திருக்கும் சிறு குத்தகையாளர், பணம் தராத மேல் குத்தகையாளர்மீது நீதிமன்றத்துக்குப் போகாமலே விரைவான தீர்ப்பைக் கேட்க அது வழிசெய்கிறது. தொழிலாளியின் சம்பளத்துக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பயன்படாது. ஆனாலும் சங்கங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நேர்மையான சிறு குத்தகையாளர்கள் பலர் தொழிலாளருக்குக் கொடுக்க மனமிருந்தும் மேலிருந்து பணம் வராததால் தவிக்கிறார்கள். நம் சமூகத்தில் ஒன்றிரண்டு லோரியும் பத்துப் பதினைந்து ஆட்களும் வைத்துத் தொழில் செய்யும் அவர்களைச் சங்கம் இந்த விஷயத்தில் பகைவர்களாகப் பார்க்கக்கூடாது.

ஆட்குறைப்புச் செய்தால் எனக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்?

இரண்டு தனித்தனித் தொகைகள் உண்டு. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்றை இழக்க மாட்டீர்கள். ஆனால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, முதலாளி தரவேண்டிய ஆட்குறைப்பு இழப்பீடு. 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளமும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் 15 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாளும் கிடைக்க வேண்டும். நாளுக்கு 90 வெள்ளி வாங்கும் ஒருவர் ஒரே முதலாளியிடம் 6 ஆண்டுகள் வேலை செய்திருந்தால், 20 நாள், 6 ஆண்டு, 90 வெள்ளி என்ற கணக்கில் 10,800 வெள்ளி வரும். ஒப்பந்தத்தில் வேறு முன்னறிவிப்புக் காலம் எழுதப்படாவிட்டால் அவருக்கு 8 வார முன்னறிவிப்பும் தரப்பட வேண்டும். ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக முதலாளி பிகே படிவத்தில் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பெர்கேசோ, அதாவது சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம். சம்பளத்தில் முதலாளி 0.2, தொழிலாளி 0.2 விழுக்காடு என்று கட்டிவந்திருந்தால், வேலை தேடும் காலத்தில் முதல் மாதம் சம்பளத்தின் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் தலா 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் தலா 30 விழுக்காடு கிடைக்கும். மாதம் 2,400 வெள்ளி வாங்கியவருக்கு ஆறு மாதத்தில் மொத்தம் ஏறத்தாழ 6,480 வெள்ளி. வேலையிழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல்முறை கேட்பவர் முந்தைய 24 மாதங்களில் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

இங்கே கட்டுமானத் தொழிலாளருக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிந்து வேலை நின்றால் இந்த உதவி கிடைக்காது. ஒரு கட்டடம் முடியும்வரை என்று எழுதி வாங்கப்படும் வேலை ஒப்பந்தங்களில் பலர் இப்படி வெளியே தள்ளப்படுகிறார்கள். கட்டுமானத்தில் ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியே வேலையின்மை. அதைச் சட்டம் வேலையின்மையாக ஏற்கவேண்டும் என்பது சங்கங்கள் விடாமல் எழுப்ப வேண்டிய கோரிக்கை.

அந்நியத் தொழிலாளர்களால்தானே நம் ஆட்களுக்கு வேலை இல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் வலி எங்களுக்குப் புரிகிறது. தோட்டங்களைவிட்டு நகரத்துக்கு வந்த நம் பெற்றோர் செய்த கட்டட வேலைகளில் இன்று நம் பிள்ளைகளை அதிகம் காணவில்லை. ஆனால் காரணம் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த தொழிலாளி அல்ல. கடன் வாங்கி வந்து, கடவுச்சீட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, குறைந்த கூலியையும் மறுக்க முடியாத நிலையில் அவரை வைத்திருக்கும் முறைதான் கூலியின் தரைமட்டத்தைக் கீழே இழுக்கிறது. அவருக்கு முழுச் சம்பளமும் கூடுதல் நேரப் படியும் கிடைத்தால், அவரைக் காட்டி உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் குறைக்க முடியாது. 2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளருக்கும் முதலாளியும் தொழிலாளியும் தலா 2 விழுக்காடு சேமநிதி கட்டவேண்டும் என்று வந்துள்ள மாற்றம் அந்தத் திசையில் எடுத்துவைத்த நல்ல அடி.

உள்ளூர்த் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. வேலைச் சட்டத்தின் 60N பிரிவின்படி, ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி அதே வகை வேலையில் உள்ள அந்நியத் தொழிலாளர்களை விலக்கிய பிறகே உள்ளூர்த் தொழிலாளியை விலக்க முடியும். அந்நியத் தொழிலாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகலாம். அவர்களைச் சேர்க்காமல் இந்தத் துறையில் வலுவான சங்கம் அமையாது என்பதே எங்கள் கணிப்பு.

தமிழ்நாட்டில் உள்ளதுபோல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இங்கே உண்டா?

இல்லை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் நீண்ட காலம் போராடி 1994-இல் நல வாரியத்தைப் பெற்றன. 1996-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின்படி, கட்டுமானச் செலவில் 1 முதல் 2 விழுக்காடுவரை நலவரியாக வசூலிக்கப்பட்டுத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2020 முடக்கத்தின்போது பதிவு பெற்ற கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அந்த நிதியிலிருந்து உதவி தருமாறு இந்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. பதிவு பெறாதவர்கள் ஏராளமாக விடுபட்டார்கள் என்ற குறை உண்மையே. ஆனாலும் கொடுப்பதற்கு ஒரு நிதி இருந்தது.

மலேசியாவில் 500,000 வெள்ளிக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தங்களுக்கு சிஐடிபி 0.125 விழுக்காடு வரி வசூலிக்கிறது. அது பயிற்சிக்கும் தொழில் மேம்பாட்டுக்கும் ஆனது. வேலை நின்ற காலத்தில் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, படித்தொகையுடன் கூடிய திறன் பயிற்சியை வேலையிழந்த தொழிலாளருக்குத் தரவேண்டும் என்று கேட்பது எளிதில் நிறைவேறக்கூடிய கோரிக்கை. படித்தொகை இல்லாத பயிற்சிக்குக் குடும்பம் வைத்திருப்பவர் வரமாட்டார்.

கட்டுமானத்தில் சங்கம் ஏன் இவ்வளவு வலுவற்று இருக்கிறது? இப்போது சேர்வது எப்படி?

தொழிற்சாலையில் ஆயிரம் பேருக்கு ஒரே முதலாளி; கட்டுமானத் தளத்தில் ஆயிரம் பேருக்கு முப்பது நாற்பது முதலாளிகள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சங்க அங்கீகாரம் கேட்டு, அவர் பதில் சொல்ல 21 நாள் காத்திருந்து, பெரும்பான்மையை இரகசிய வாக்கெடுப்பில் காட்டுவதற்குள் அந்த வேலையே முடிந்து ஆட்கள் கலைந்துவிடுகிறார்கள். வலுவின்மைக்கு முதன்மைக் காரணம் இதுதான். தொழிலாளரின் அக்கறையின்மை அல்ல.

2024 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், ஒரே தொழில் அல்லது ஒரே துறை என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கியிருக்கிறது. கம்பி, பலகை, மின்சாரம், கிரேன் என்று வெவ்வேறு தொழில் செய்பவர்களும், கட்டடப் பராமரிப்பு ஊழியர்களும்கூட ஒரே சங்கத்தில் சேர வழி பிறந்துள்ளது. ஏழு பேர் இருந்தாலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏழு பேர் கொண்ட புதுச் சங்கங்கள் பல தோன்றுவதைவிட, ஏற்கெனவே உள்ள சங்கத்தில் சேர்ந்து அதைப் பெரிதாக்குவதே நல்லது என்று நாங்கள் நினைக்கிறோம். சங்கத்தில் சேரக்கூடாது என்று எந்த வேலை ஒப்பந்தமும் தடுக்க முடியாது. வேலைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

பினாங்கில் எல்ஆர்டி வேலை தொடங்கிவிட்டதே, இனி வேலைக்குப் பஞ்சம் இருக்காதல்லவா?

முத்தியாரா தடம் எனப்படும் அந்த இலகு இரயில் பாதையின் பணி 2025 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. தீவின் தெற்கிலிருந்து ஜார்ஜ்டவுன் வழியாகக் கடலைக் கடந்து பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல்வரை, ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளத்துக்கு அமையவிருக்கும் தடம் அது. பல ஆண்டுகள் வேலை தரக்கூடிய திட்டம் என்பதில் ஐயமில்லை. அந்த வேலையில் பிறை, பாகான் டாலாம், ஜெலுத்தோங் பகுதிகளின் இளைஞர்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது இப்போது எழுதப்படும் துணைக் குத்தகைகளைப் பொறுத்தது.

சங்கங்கள் மாநில அரசிடமும் திட்ட உரிமையாளரிடமும் இப்போதே கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை அடுக்குத் துணைக் குத்தகை அனுமதிக்கப்படும் என்பதற்கு ஒரு வரம்பு, குத்தகையாளருக்கு ஒவ்வொரு கட்டத் தொகையும் தரப்படுமுன், முந்தைய மாதச் சம்பளம் அனைவருக்கும் வங்கியில் போடப்பட்டதற்கான சான்று, தொழில் பழகும் உள்ளூர் இளைஞர்களுக்கு ஒதுக்கப்படும் இடங்களின் எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதுவது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இவற்றைக் கேட்டால், இது செலவைக் கூட்டும் என்ற ஒரே பதில்தான் வரும்.

சங்கத்தில் சேர்ந்தால் எனக்கு வேலை உறுதியா?

உறுதி இல்லை, அப்படி வாக்களிக்கும் எவரையும் நம்பாதீர்கள், அதற்காகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சந்தா கட்டினால் இரசீது வாங்குங்கள். உங்களுக்குச் சம்பளப் பாக்கி இருந்தால், சங்கத்தில் சேர்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்காமல், நோட்டையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். 90 நாள் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.